காது தெரியணும்

கேமரா ஸ்டாண்டை விட்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

போட்டோக்காரர் இடது கையால் ஸ்டாண்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் திருகினார். பிறகு கையை மாற்றிப் பிடித்துத் திருகினார். அடியில் இருந்த திருகாணி அசைந்து கொடுக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஸ்டூடியோவின் நடுவில், நாற்காலியிலிருந்து ஆறடி தள்ளி, தரையில் பெயின்டால் மூன்று வட்டம் போட்டு அந்த ஸ்டாண்டை நிறுத்தியவர் அவர்தான். அன்றிலிருந்து கேமரா நகர்ந்ததில்லை. எதிரே உட்காருகிறவர்கள்தான் மாறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, நாளை மறுநாள் கல்யாணம். பேசாம ஸ்டாண்டோட தூக்கிட்டுப் போயிடுங்களேன்" என்றாள் மனைவி. ஸ்டூடியோவில் சீப்பும் கண்ணாடியும் நீட்டுவது, வெட்டிய படங்களைக் கவரில் போடுவது எல்லாம் அவள் வேலை.

"கேண்டிட் போட்டோன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாமத்தானே கேக்குறேன்."

"யாருக்கும் தெரியாம எடுக்கணும். பேசுறப்ப, சிரிக்கிறப்ப, அவங்க பாட்டுக்கு இருக்கிறப்ப எடுக்கணும். ஸ்டாண்டோட போய் நின்னா தெரியாம இருக்குமா?"

"நீங்க போய் நின்னாலே தெரியுமே."

அதுதான் பிரச்சினை. அது அவருக்கும் தெரியும். அந்த ஊரில் அடையாள அட்டை வைத்திருக்கிற அத்தனை பேரும் ஒரு தடவையாவது அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள். பாஸ்போர்ட், லைசென்ஸ், பள்ளிக்கூட அட்டை, பென்ஷன் புத்தகம், எதுவானாலும் அவர் ஸ்டூடியோதான். கேமராவுக்கு மேலே சுவரில், கொட்டை எழுத்தில் ஒரு பலகை தொங்கியது.

சிரிக்கக் கூடாது.
காது தெரிய வேண்டும்.
நிழல் விழக் கூடாது.

பலகை சொல்லாமல் விட்டதை அவர் சொல்வார். "தாடையை இறக்குங்க. பல்லை மூடுங்க. என்னம்மா, காது எங்க?" கறார்தான். ஆனால் பலகை மாட்டிய நாளிலிருந்து அவர் எடுத்த படம் எந்த அலுவலகத்திலிருந்தும் திரும்பி வந்ததில்லை. அதனால் ஊரே அவரிடம் வந்து உம்மென்று உட்கார்ந்துவிட்டுப் போனது. நாளடைவில் தெருவில் அவரைக் கண்டாலே எதிரே வருகிறவர்கள் வாயை மூடி, முதுகை நிமிர்த்தி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. அவர்களை அறியாமல் கை போய்விடும்.

இப்படிப்பட்டவரிடம் வந்துதான் கப்பல் கேட்டிருந்தான்.

கப்பல் என்பது அவருடைய சிநேகிதனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். கப்பல் வேலைக்குப் போகவிருந்து போகாமல் நின்றுவிட்டவன். கப்பல் என்ஜினுக்குப் படித்துவிட்டு, இப்போது நாலு தெரு தள்ளித் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். போன வாரம் ஒரு மத்தியானம் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து, ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த உடனே பழக்க தோஷத்தில் நிமிர்ந்துகொண்டான்.

"கல்யாணம்டா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

நாற்பத்தேழு வயதில் இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டால் யாருக்குத்தான் வாய் அடைக்காது? "என்னடா திடீர்னு?" என்றார் போட்டோக்காரர்.

"திடீர்னு எல்லாம் இல்ல." கப்பல் பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். "பொண்ணு ஒரு ஆபீஸ்ல வேலை. தம்பிங்க மூணு பேரையும் கரையேத்தி விட்டுட்டுத்தான் தனக்குன்னு யோசிப்பேன்னு இருந்தா. இப்பதான் எல்லாம் முடிஞ்சு, வேற ஆபீஸுக்கு மாத்தலும் ஆயிருக்கு. கையெழுத்துப் போட்டுக் கல்யாணம், அம்பது பேருக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். போட்டோ நீதான் எடுக்கணும்."

"அதுக்கென்ன, வரிசையா நிக்க வச்சு..."

"நிக்க வச்சு எடுத்தது போதும்டா. நான் சிரிக்கிறப்ப, எனக்கே தெரியாம எடு. அது அவளோட ஆசை."

போட்டோக்காரர் தலையாட்டினார். அவன் போன பிறகும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஸ்டூடியோ திறந்த அன்று, அதே நாற்காலியில் முதல் ஆளாக உட்கார்ந்தவன் கப்பல். பின்னால் சுவருக்கு நீலம் அடித்ததே அவன்தான். மூக்கு நுனியில் நீலம் ஒட்டியிருந்ததை மனைவி, அப்போது புதுப்பெண், ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். "போனி நான்தான், நல்லபடியா எடு. இந்தப் படத்தோடதான் நான் கப்பல் ஏறப் போறேன்" என்றான். அவனுக்கு வேலை கிடைத்த சந்தோஷம், இவருக்குக் கடை திறந்த சந்தோஷம். அவன் சிரிக்க, இவரும் சிரிக்க, சிரித்துக்கொண்டே பட்டனை அமுக்கிவிட்டார். ஃபிலிமைக் கழுவி, காயப்போட்ட படத்தை விளக்கடியில் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. எத்தனையோ ஆயிரம் முகம் எடுத்துவிட்டார். அதைவிட நல்ல படம் இன்றுவரை எடுத்ததில்லை.

அந்தப் படத்தைத்தான் பாஸ்போர்ட் ஆபீஸில் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"சிரிப்பு இருக்காம்டா. சிரிக்கக் கூடாதாம்" என்று கப்பல் வந்து நின்றான். மறுபடி எடுத்தார். "காது தெரியலையாம்." மறுபடி எடுத்தார். "பின்னாடி நிழல் விழுதாம்." முதல் தடவை அந்த அலுவலகத்துக்குப் பெயின்ட் பட்ட சட்டையோடு போனவன், இரண்டாம் தடவை தேய்த்த சட்டை போட்டான். மூன்றாம் தடவை புத்தம் புதுச் சட்டை, முகத்துக்குப் பவுடர் வேறு. எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பாவம், என்ன தவிப்புத் தவிக்கிறான் என்று போட்டோக்காரர் உருகிப் போனார். நாலாவது தடவைக்கு விளக்கையெல்லாம் சரிசெய்து வைத்துக்கொண்டு காத்திருந்தபோது, அவன் வந்து, "விடுடா. கப்பல் கிளம்பிடுச்சு. நான் போகல" என்றான்.

முகத்தில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்த வாரமே போட்டோக்காரர் பலகை எழுத ஆள் பிடித்தார். அதற்குப் பிறகு தெருவில் யாராவது "கப்பலு!" என்று கூப்பிட்டால் கப்பல் சாதாரணமாகத் திரும்பிப் பார்ப்பான். சுருக்கென்று குத்துவது இவருக்குத்தான்.

அன்றைக்கு அந்தச் சிரிப்பை எடுத்து அவன் வாழ்க்கையைக் கெடுத்தாயிற்று. இன்றைக்கு அதே சிரிப்பை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு இப்போது வேண்டியிருந்தது.

அதற்கு முதலில் கேமரா கழல வேண்டும்.

"தையல் மிஷின் எண்ணெய் இருக்கு, விடட்டுமா?" என்றாள் மனைவி.

"ரெண்டு சொட்டு விடு."

அவள் தாராளமாக விட்டாள். எண்ணெய் திருகாணியில் இறங்காமல் ஸ்டாண்டின் கால் வழியாக இறங்கித் தரையில் போட்ட வட்டங்களில் தேங்கியது. போட்டோக்காரர் மூச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கால் வழுக்கி, ஸ்டாண்டோடு சேர்ந்து உட்கார்ந்தார். எழுந்து பார்த்தால் கேமரா கையில் இருந்தது. ஆனால் கேமராவோடு ஸ்டாண்டின் தலையும், அந்தத் தலையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியும் கூடவே வந்திருந்தன.

"கழண்டுடுச்சு" என்றார்.

"கழுத்தோட கழண்டிருக்கு" என்றாள் அவள்.

அடுத்தது பேட்டரி. கேமரா இத்தனை வருஷமும் சுவரிலிருந்து ஒயரில்தான் கரன்ட் குடித்துக்கொண்டிருந்தது. கல்யாணத்தில் ஒயரை இழுத்துக்கொண்டு ஒளிந்து நிற்க முடியாது என்று பேட்டரிக் கதவைத் திறந்தார். உள்ளே பேட்டரி உப்பிப் போய், இடத்தை விட்டு வெளியே வர மறுத்தது. சீப்பால் நெம்பினார். சீப்பில் நாலு பல் போனது. ஐந்தாவது பல்லுக்குப் பேட்டரி வந்தது. வேறு பேட்டரிக்குப் பக்கத்துத் தெரு ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும். இருபது வருஷமாக அவர் தலைவைத்துப் படுக்காத திசை அது.

"கல்யாணத்துக்கு உங்களையா கூப்பிட்டாங்க?" என்றார் பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரர். "மாப்பிள்ளைக்குக் காது ரெண்டும் இருக்கில்ல?"

"பேட்டரி இருக்கா, இல்லையா?"

"இருக்கு, இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. எதுக்கு இவ்வளவு கறாரு? அந்தக் காலத்துல என்கிட்ட லேசா சிரிச்ச படமெல்லாம் போயிருக்கே, ஆபீஸ்ல ஒண்ணும் சொன்னதில்லையே?"

"பட்டவனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பேட்டரியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டார்.

கேமராவின் தலையில் ஒரு வட்டக் குமிழ் உண்டு. வெளிச்சத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று, ஃப்ளாஷுக்கு ஒன்று என்று அதைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டூடியோவில் அதைத் திருப்பவே தேவையில்லை என்பதால், யார் கையும் பட்டு நகர்ந்துவிடாமல் அதன்மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருந்தார். இப்போது பிளாஸ்திரியை உரித்தார். பிசின் அப்படியே நின்றது.

"கொடுங்க இப்படி" என்று மனைவி வாங்கிக்கொண்டு போய், நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்து அழுத்தித் துடைத்தாள். ஐந்து நிமிஷத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். "பாருங்க, எவ்வளவு சுத்தமாயிடுச்சு!"

சுத்தமாகத்தான் ஆகியிருந்தது. பிசின் போயிருந்தது. கூடவே குமிழில் அச்சடித்திருந்த எழுத்து, எண், படம் எல்லாம் போயிருந்தன. வெறும் கறுப்பு வட்டம் மின்னியது.

"எது எங்க இருந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமில்ல?"

"திருப்பியிருந்தாத்தானே ஞாபகம் இருக்கும்" என்றார் போட்டோக்காரர்.

இருந்தாலும் அவர் அசரவில்லை. ஒரு ஒத்திகை பார்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். மனைவியின் தம்பி விட்டுப்போன தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். எதிர்ச் சாரியில் முடிவெட்டுகிறவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஏதோ கதை சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைவிட நல்ல கேண்டிட் கிடைக்காது. போட்டோக்காரர் தெருவில் நின்றிருந்த வேனுக்குப் பின்னால் பதுங்கி, மெல்லத் தலையை நீட்டிக் கேமராவைத் தூக்கினார். கைப்பிடி வேனின் பக்கக் கண்ணாடியில் போய் டங்கென்று இடித்தது.

முடிவெட்டுகிறவர் திரும்பினார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டி ஆள் யாரென்று ஒரு விநாடியில் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. வாய் மூடியது. கத்தரி அந்தரத்தில் நின்றது. நாற்காலியில் இருந்தவரும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, துண்டுக்குள்ளேயே நிமிர்ந்துகொண்டார். முடிவெட்டுகிறவர் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கி, பக்கத்து முடியை ஒதுக்கிவிட்டுச் சத்தமாகக் கேட்டார்:

"அண்ணே, காது தெரியுதா?"

போட்டோக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் போய்விட்டார்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு எல்லோருக்கும் முன்பே போய், நுழைவாசலில் இருந்த பெரிய பூ ஜாடிக்குப் பின்னால் மறைந்துகொண்டார். விருந்தாளிகள் வந்தார்கள். நாற்காலிகளில் உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் தட்டிப் பேசிச் சிரித்தார்கள். பார்க்கவே நிறைவாக இருந்தது. எழுத்தில்லாத குமிழைக் குத்துமதிப்பாக ஒரு திருப்புத் திருப்பி, பட்டனை அமுக்கினார்.

ஃப்ளாஷ் படக்கென்று எழுந்து, ஜாடிக்குப் பின்னாலிருந்து மின்னல் வெட்டியது.

ஐம்பது பேரும் திரும்பினார்கள். ஐம்பது வாயும் மூடின. கைகள் காதுகளுக்குப் போயின. முன்வரிசையில் ஒரு அம்மா மடியிலிருந்த கைக்குழந்தையின் தலையைப் பிடித்து நேரே திருப்பினாள். நிழல் விழாமல் இருக்க இரண்டு பேர் சுவரை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

அவர் இடம் மாறினார். தூணுக்குப் பின்னால் போனார். குமிழை வேறு பக்கம் திருப்பினார். அதற்கும் ஃப்ளாஷ் வந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் போனார். திரையில் கைப்பிடி புடைத்துக்கொண்டு நின்றதால், வருகிறவர்கள் எல்லாம் அந்த இடம் வந்ததும் நின்று, விறைத்து, இரண்டு விநாடி காத்திருந்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கையெழுத்துப் போடுகிற நேரம் வந்தது. கப்பல் பேனாவை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பேதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே சிரிப்பு. போட்டோக்காரர் பதறிக்கொண்டு கேமராவைத் தூக்கினார். கப்பலின் கண்ணில் அது பட்டுவிட்டது. தாடை இறங்கியது, உதடு ஒட்டியது, கை காதுப் பக்கம் போனது.

மணப்பெண் ஒருத்திதான் அவரைக் கண்டு விறைக்கவில்லை. அந்த ஊரில் அவர் கேமரா முன்னால் ஒரு நாளும் உட்காராத முகம் அது ஒன்றுதான் போல என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அவளும் அவரோடு கண் சந்தித்தால் மட்டும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நூற்று நாற்பது படம். நூற்று நாற்பதும் நேர்ப் பார்வை, மூடிய வாய், தெளிவான காது.

மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "நாளைக்கே மொத்தக் கல்யாணக் கூட்டமும் வெளிநாடு கிளம்பலாம் போல இருக்கே" என்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே சங்கடமாகிவிட்டது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று நகர்ந்துவிட்டாள்.

கப்பலும் அவன் மனைவியும் அவரைத் தேடி வந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கேமரா மடியில் கிடந்தது.

"சாப்பிட வாடா."

"மன்னிச்சிருடா" என்றார். "ஒண்ணுகூடத் தேறல. உன் சிரிப்பு என் கேமராவுக்கு இனிமே வராது. ஒரே ஒரு தடவை வந்துச்சு. அன்னிக்கு ஒழுங்கா எடுக்கத் தெரியாம எடுத்து உன்னைக் கப்பலுக்குப் போகவிடாமப் பண்ணிட்டேன். நீ ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆனா எனக்கு இருபத்திரண்டு வருஷமா அது உறுத்திக்கிட்டே இருக்குடா. அதுக்கப்புறம்தான் அந்தப் பலகையே மாட்டினேன், இன்னொருத்தனுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு."

கப்பல் அவளைப் பார்த்தான். அவள் கைப்பையைத் திறந்து பழுப்பேறிய கவர் ஒன்றை எடுத்தாள். அதிலிருந்து மூன்று சின்னப் படங்களை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வரிசையாக வைத்தாள்.

முதல் படத்தில் பெயின்ட் பட்ட சட்டையோடு ஒரு இளைஞன் கண் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டாவதில் தேய்த்த சட்டை. மூன்றாவதில் புதுச் சட்டையும் பவுடரும். மூன்றின் மூலையிலும் குண்டூசி குத்தின ஓட்டை இருந்தது.

வேண்டாம் என்று சொன்ன படங்கள் எங்கே போயின என்று போட்டோக்காரர் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

"இது எப்படிம்மா உங்ககிட்ட?"

"அந்த ஆபீஸ்லதாண்ணே நான் இருந்தேன், கவுன்ட்டர்ல. போன மாசம்தான் அங்கேருந்து மாத்தலாகி வந்தேன். அங்க இருக்கிற வரைக்கும் வெளியில சொன்னா வேலைக்கே ஆபத்து. அதான் இவரையும் சொல்லவிடல" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "உங்க கடைப் பக்கம் வரவே எனக்குக் கூச்சம்."

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க? உங்க கடமையைச் செஞ்சீங்க. நான் எடுத்த படம் தப்பு, திருப்பி அனுப்பினீங்க."

கப்பலால் அதற்கு மேல் முடியவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். காது, தாடை, நிழல் எதுவும் அவன் நினைவில் இல்லை. போட்டோக்காரரின் விரல் மடியில் கிடந்த கேமராவின் மேல் பழக்கத்தில் அமுங்கியது. க்ளிக் என்று மெல்லிய சத்தம் மட்டும் வந்தது, ஃப்ளாஷ்கூட வரவில்லை.

"எதுக்குடா இப்படிச் சிரிக்கிற?" என்றார் போட்டோக்காரர்.

அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள்தான் சொன்னாள்.

"படத்துல ஒரு தப்பும் இல்லண்ணே, சிரிக்கக் கூடாது, காது தெரியணும், நிழல் விழக் கூடாதுன்னு அப்ப எங்க ஆபீஸ்ல ஒரு விதியும் கிடையாது, இவர் மறுபடி மறுபடி கவுன்ட்டருக்கு வரணும்னு நானா உக்காந்து இட்டுக்கட்டினது."